பனிக்குடம் உடைந்தது எத்தனை மணிக்கு? பென்னாகரம் பக்கத்து ஒரு முதல் பிரசவத்தின் பதிவு

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கி, மறுநாள் விடிவதற்குள் தர்மபுரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் முடிந்த பிரசவம் இது. அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களையும் நேரங்களையும் மாற்றவில்லை, ஏனென்றால் இந்தப் பதிவே ஒரு நேரத்தைப் பற்றியதுதான். பெரிய மருத்துவமனையில் நடந்தவற்றை டிஸ்சார்ஜ் சீட்டிலிருந்தும், அங்கே லேபர் வார்டில் இருந்த செவிலியரிடமும் அந்தப் பெண்ணிடமும் பேசியும் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

வயது 23. முதல் கர்ப்பம், 39 வாரம் 2 நாள். ஸ்கேனில் குறை எதுவும் இல்லை, குழந்தை தலை கீழாக இருந்தது. ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 10.8. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் சரி. முன்பு வயிற்றில் எந்த அறுவை சிகிச்சையும் நடந்ததில்லை. மாதாமாதம் தவறாமல் பரிசோதனைக்கு வந்தவர். தாய் சேய் நல அட்டையில் ஒரு கட்டம்கூட காலியாக இல்லை.

கணவர் பெங்களூரில் கட்டட வேலை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான், ஆண்கள் பெங்களூரில் இருப்பார்கள், பண்டிகைக்கும் பிரசவத்துக்கும் வருவார்கள். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். வீட்டில் அம்மா, பாட்டி, பள்ளியில் படிக்கும் தம்பி. பாட்டிக்கு ஐந்து பிரசவம், ஐந்தும் வீட்டில். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் யார் சொல் எடுபடும் என்பது இதில்தான் இருந்தது.

சனிக்கிழமை இரவு

பிறகு தெரிந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

இரவு சாப்பாடு முடிந்து எழுந்தபோது, ஏறக்குறைய 9.30 மணிக்கு, உள்பாவாடை நனைந்திருந்தது. அதிகம் இல்லை. சிறுநீர்தான் தன்னையறியாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். நிறைமாதத்தில் இருமினாலும் தும்மினாலும் அப்படி ஆவது சகஜம் என்பதால் அந்த நினைப்பில் தவறில்லை. பாவாடையை மாற்றிக்கொண்டு படுத்தார். இரவில் இன்னும் இரண்டு முறை மாற்றினார். அம்மாவிடம் சொல்லவில்லை. இந்த வயதில் படுக்கையை நனைத்தேன் என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம். நனைந்த பாவாடைகளை வாளியில் ஊறப் போட்டுவிட்டார்.

விடியற்காலை 5 மணிக்குக் கொல்லைப்பக்கம் போக எழுந்தவுடன் வெதுவெதுப்பாக இரண்டு காலிலும் வழிந்து தரை நனைந்தது. அம்மா ஓடி வந்து பார்த்து, ‘தண்ணி உடைஞ்சிடுச்சி’ என்றார். வீட்டாருக்கு அதுதான் தொடக்கம்.

வலி இல்லை. ‘வலி எடுக்கட்டும், அப்புறம் போலாம். முன்னாடியே போனா கத்தி வெச்சிடுவாங்க’ என்று பாட்டி சொல்லியிருக்கிறார். சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்க எங்கள் பக்கம் செய்யும் வழக்கம் அது; கஷாயத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் குடித்துவிட்டு வலிக்காகக் காத்திருந்ததில் மூன்று மணி நேரம் போனது. அம்மாவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் அழைத்து வந்துவிட்டார்.

ஞாயிறு காலை 8.40

முதலில் நான்தான் பார்த்தேன். எப்போது தண்ணீர் உடைந்தது என்று கேட்டேன். ‘காலையில அஞ்சு மணிக்குங்க சிஸ்டர்’ என்று அம்மா சொன்னார். பெண் தலையைக் குனிந்தபடி இருந்தார். கேஸ் ஷீட்டில் 5.00 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன். அந்த எண்ணை எழுத எனக்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

நாடித்துடிப்பு 88, ரத்த அழுத்தம் 110/70, உடல் வெப்பம் 98.4. வயிற்றில் இறுக்கம் இல்லை, தொட்டால் வலிக்கவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு 142. தலை இடுப்பெலும்புக்குள் பாதியளவு இறங்கிப் பொருந்தியிருந்தது. இதை முக்கியமாகப் பார்ப்போம். தலை மேலேயே மிதந்துகொண்டிருக்கும்போது பனிக்குடம் உடைந்தால் தொப்புள்கொடி தண்ணீரோடு கீழே நழுவி வந்துவிடலாம். அந்த அவசரத்தில் நிமிடங்களே கணக்கு. இங்கே அந்தப் பயம் இல்லை.

கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று விரலால் பார்க்கக் கையுறையை எடுத்துவிட்டேன். அது பழக்கம், பிரசவத்துக்கு வருகிறவருக்கு முதலில் அதைத்தான் செய்வோம். அதற்குள் மருத்துவர் வந்து, வேண்டாம் என்றார். வலி இல்லாதவருக்கு விரலால் பார்ப்பதால் என்ன முடிவு மாறப்போகிறது என்று கேட்டார். ஒன்றும் மாறாது. ஆனால் ஒவ்வொரு முறை விரல் போகும்போதும் வெளிப்பாதையில் இருக்கும் கிருமி கொஞ்சம் மேலே போகும். அதைத் தடுக்கப் பனிக்குடம் இனி இல்லை. இந்த நிலையில் கருப்பைத் தொற்று வருவதற்கான காரணங்களை ஆராய்ந்தபோது, உள்பரிசோதனைகளின் எண்ணிக்கைதான் முன்னால் நின்றது. எனவே நீராவியில் சுத்தம் செய்த ஸ்பெகுலம் (பிறப்புப்பாதையை விரித்துக் கண்ணால் பார்க்கும் கருவி) மட்டும் வைத்தோம். உள்ளே நீர் தேங்கியிருந்தது. இருமச் சொன்னபோது கருப்பை வாயிலிருந்து வழிந்தது. தெளிவான நீர், பச்சை இல்லை, நாற்றம் இல்லை. சிவப்பு லிட்மஸ் தாள் நீலமானது. பிறப்புப்பாதை இயல்பில் அமிலத்தன்மை உள்ளது, பனிக்குட நீர் காரத்தன்மை உள்ளது; அதனால் நிறம் மாறும். ரத்தம் கலந்திருந்தாலும் மாறும் என்பதால் தாளை மட்டும் நம்புவதில்லை. இங்கே கண்ணால் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

சரி, பனிக்குடம் உடைந்தது உறுதி. வலி இல்லை. அடுத்து என்ன?

முதல் முடிவு: நண்பகல் வரை பார்ப்போம்

நிறைமாதக் கர்ப்பிணிகளில் 100க்குச் சுமார் 8 பேருக்கு வலி தொடங்கும் முன்பே பனிக்குடம் உடைகிறது. அவர்களில் சுமார் 60 சதவீதத்தினருக்கு 24 மணி நேரத்துக்குள் தானாகவே வலி வந்துவிடும். நாங்கள் கையில் வைத்திருந்த கணக்குப்படி அப்போது நான்கு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. தாயும் சேயும் நன்றாக இருந்தார்கள். நண்பகல் வரை பார்த்து, வலி வராவிட்டால் தர்மபுரிக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். 5 மணி என்ற எண் சரியாக இருந்திருந்தால் அது நியாயமான முடிவுதான்.

எங்களிடமே மருந்து கொடுத்து வலி வரவைக்கவில்லையே என்று சிலர் நினைக்கலாம். வலி வரவைக்கும் மருந்து சில சமயம் கருப்பையை இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிடும். குழந்தையின் துடிப்பு இறங்கினால் உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். தியேட்டரும் மயக்க மருந்து மருத்துவரும் இல்லாத இடத்தில் அதைத் தொடங்கக் கூடாது.

சுத்தமான வெள்ளைப் பேட் வைத்தோம். அரை மணிக்கு ஒருமுறை துடிப்பு, ஒரு மணிக்கு ஒருமுறை வெப்பமும் நாடியும் குறித்தோம். தண்ணீரும் இட்லியும் கொடுத்தோம்.

காலை 11 மணி

பேட் மாற்றும்போது திரையை இழுத்துவிட்டிருந்தேன். அம்மா டீ வாங்கப் போயிருந்தார். முதல் முறையாக அந்தப் பெண்ணும் நானும் மட்டும் இருந்தோம். ‘ராத்திரி தூக்கமே இல்லயா? கண்ணெல்லாம் சிவந்திருக்கே’ என்று சும்மாதான் கேட்டேன்.

‘எங்க தூங்கறது சிஸ்டர். மூணு தடவ பாவாட மாத்துனேன்.’

எப்போது என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் வந்தது. சாப்பிட்டு எழுந்தபோதே நனைந்தது. அது மூத்திரம்தானே? வாசனை எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, மூத்திர வாசனை இல்லை என்றார். தம்பி பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொடர் அப்போதுதான் தொடங்கியது என்றார். மணி 9.30.

கேஸ் ஷீட்டில் ஆறு மணி நேரம் என்று இருந்தது உண்மையில் பதின்மூன்றரை மணி நேரம்.

இதில் என் பங்கை மறைக்காமல் எழுத வேண்டும். நான் கேட்ட கேள்வியே தவறு. ‘தண்ணீர் எப்போது உடைந்தது’ என்று கேட்டால், கொட்டிய நேரத்தைத்தான் யாரும் சொல்வார்கள். ‘உடைவது’ என்ற சொல்லே அப்படி ஒரு படத்தை மனதில் தருகிறது. பானை உடைந்தால் எல்லாம் கொட்டும். ஆனால் பனிக்குடத்தில் மேலே ஓரிடத்தில் சின்னக் கீறல் விழுந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். குழந்தையின் தலை வழியை அடைத்திருந்தால் இன்னும் குறைவாக வரும். கிருமிக்கு அந்தக் கீறல் போதும். நான் அவரை விட்டுவிட்டு அவர் அம்மாவிடம் கேட்டதும் தவறு. நனைந்தது யாருக்கோ, கேட்டது யாரையோ.

இரண்டாவது முடிவு: உடனே அனுப்புவது

மருத்துவரிடம் சொன்னவுடன் நண்பகல் வரை என்ற பேச்சே இல்லை. அவர் பெரிய மருத்துவமனையின் லேபர் வார்டுக்கு நேரடியாகப் பேசினார். 108க்குச் சொன்னோம்.

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு சிறு விவாதம் நடந்தது. நிறைமாதத்தில் பனிக்குடம் உடைந்த எல்லோருக்கும் தொடக்கத்திலிருந்தே ஆன்டிபயாடிக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. ஆனால் 18 மணி நேரத்தைத் தாண்டினால் குழந்தைக்குத் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. குறிப்பாக குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி சில பெண்களின் பிறப்புப்பாதையில் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். குழந்தைக்குப் போனால் கடுமையாகத் தாக்கும். நம்மிடம் கர்ப்பிணிகளுக்கு இதை வழக்கமாகப் பரிசோதிப்பதில்லை. எனவே 18 மணி நேரம் என்ற எல்லையைத்தான் கையில் வைத்துக்கொள்கிறோம். இவருக்கு அந்த எல்லை பிற்பகல் 3.30. அதற்குள் பிரசவம் ஆக வழியே இல்லை. போய்ச் சேர்ந்து, சேர்க்கை போட்டு, அங்கே மருந்து ஏறுவதற்குள் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஞாயிற்றுக்கிழமையில் சொல்ல முடியாது. ஒவ்வாமை சோதனை செய்துவிட்டு 11.20க்கு ஆம்பிசிலின் 2 கிராம் நரம்பு வழியாகக் கொடுத்தோம். 5 மணிக் கணக்கில் நின்றிருந்தால் அந்த எல்லை இரவு 11 மணி என்றுதான் நினைத்திருப்போம்.

ரெஃபரல் சீட்டில் பழைய நேரத்தை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் ‘முதல் கசிவு முந்தைய இரவு 9.30, காலை 5.00 மணிக்கு அதிக அளவில் கொட்டியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விரலால் உள்பரிசோதனை செய்யவில்லை என்பதையும் எழுதினேன். அங்கே ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும், அது முதல் முறை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கிளம்பும் முன் பாட்டியும் வந்து சேர்ந்தார். ‘தண்ணி எல்லாம் போயிட்டா புள்ள வறண்டு போயிடாதுங்களா?’ என்று கேட்டார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். பனிக்குட நீர் ஒருமுறை ஊற்றி வைத்த நீர் இல்லை, குழந்தை சிறுநீர் கழிக்கக் கழிக்க ஊறிக்கொண்டே இருக்கும், அதனால் வறண்டு போகாது, பயப்பட வேண்டியது கிருமிக்கு மட்டும்தான் என்று சொன்னேன். கத்தி பற்றிக் கேட்டதற்கு எனக்கு அந்த நேரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல நேரமில்லை. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. மணி 11.45.

பெரிய மருத்துவமனையில்: காத்திருப்பதா, வலி வரவைப்பதா

12.50க்குப் போய்ச் சேர்ந்தார்கள். சேர்க்கை மேசையில் அம்மா மறுபடியும் ‘காலையில அஞ்சு மணி’ என்றே சொல்லியிருக்கிறார், நோட்டிலும் அப்படியே ஏறியிருக்கிறது. லேபர் வார்டு செவிலியர் எங்கள் சீட்டைப் படித்ததால்தான் அது திருத்தப்பட்டது.

20 நிமிடம் சி.டி.ஜி. (குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவி) போட்டுப் பார்த்தார்கள், குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது. பிறகு ஒரே ஒருமுறை உள்பரிசோதனை: கருப்பை வாய் ஒன்றரை சென்டிமீட்டர் திறந்திருந்தது, பாதி மெலிந்திருந்தது, பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. பிஷப் ஸ்கோர் 4. அதாவது வாய் இன்னும் பக்குவப்படவில்லை.

பணியில் இருந்த மகப்பேறு மருத்துவர் அந்தப் பெண்ணிடமே இரண்டு வழிகளையும் விளக்கியிருக்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்த இடம். கணவர் பேருந்தில் வந்துகொண்டிருந்தார், போனில் இருந்தார், பாட்டியும் பக்கத்தில் இருந்தார். ஆனால் கேள்வி அந்தப் பெண்ணிடம் கேட்கப்பட்டது, கையெழுத்தும் அவர் போட்டதுதான்.

மருத்துவர் சொன்னதன் அடிப்படை இது. 1996இல் ஆறு நாடுகளில் 72 மருத்துவமனைகளில், நிறைமாதத்தில் பனிக்குடம் உடைந்த 5,041 பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்து வெளியானது. ஒரு பாதியினருக்கு உடனே வலி வரவைத்தார்கள். மறுபாதியினரை நான்கு நாள் வரை, பிரச்சினை எதுவும் வராதவரை, தானாக வலி வரக் காத்திருக்க வைத்தார்கள். சிசேரியன் எல்லாக் குழுக்களிலும் 100க்குச் சுமார் 10 என்றே இருந்தது. பிறந்த குழந்தைக்குத் தொற்று வந்ததிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் தாய்க்குக் கருப்பைத் தொற்று, உடனே ஆக்சிடோசின் (கருப்பையை இறுக வைக்கும் மருந்து) டிரிப் போட்டவர்களில் 100க்கு 4, காத்திருந்த குழுவில் 8.6. பிறகு 2017இல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதேதான்: சீக்கிரம் வலி வரவைத்தால் தாய்க்குத் தொற்று குறைகிறது, சிசேரியன் கூடுவதில்லை.

பாட்டி பயந்த கத்திக்கு இதுதான் பதில். அதை நான் அன்று காலை சொல்லியிருக்க வேண்டும்.

காத்திருப்பதும் தவறான வழி இல்லை. நீர் தெளிவாக இருந்து, காய்ச்சல் இல்லாமல், ஒரு நாள் வரை பார்க்கிறேன் என்று ஒரு பெண் கேட்டால் அதற்கு இடம் உண்டு. ஆனால் இவருக்கு ஏற்கெனவே 16 மணி நேரம் ஆகிவிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ‘மருந்து வெச்சி வர வலி ரொம்ப அதிகமா இருக்குமாங்க?’ இருக்கலாம், இறுக்கங்கள் நெருங்கி நெருங்கி வரும், கூடவே அம்மா இருக்கலாம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். சரி என்றார்.

கருப்பை வாய் பக்குவப்படாததால், அதைப் பக்குவப்படுத்தி வலி வரவைக்கும் மிசோப்ரோஸ்டால் 25 மைக்ரோகிராம், விழுங்கும் மாத்திரையாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அளவில் கவனம் வேண்டும்: கடையில் கிடைக்கும் 200 மைக்ரோகிராம் மாத்திரையில் எட்டில் ஒரு பங்குதான் இது. உடைத்துக் கொடுத்தால் துல்லியம் வராது. அங்கே 25 மைக்ரோகிராம் மாத்திரையே இருந்தது. பலூன் வைத்துக் கருப்பை வாயை விரிக்கும் முறையும் உண்டு. பனிக்குடம் உடைந்தவருக்கு வெளிப்பொருள் ஒன்றை உள்ளே வைப்பதில் அந்த மருத்துவருக்குத் தயக்கம் இருந்தது.

முதல் மாத்திரை 1.45, அடுத்து 3.45, 5.45. ஆம்பிசிலின் நான்கு மணிக்கு ஒருமுறை 1 கிராம் தொடர்ந்தது. 6.30க்கு மேல் இடுப்பில் வலி தொடங்கியது. 7.45க்கு 10 நிமிடத்தில் மூன்று இறுக்கம் வந்ததால் நான்காவது மாத்திரையைக் கொடுக்கவில்லை.

இரவு

9.30க்கு இரண்டாவது உள்பரிசோதனை. 4 சென்டிமீட்டர். ஆனால் இறுக்கங்கள் இரண்டாகக் குறைந்துவிட்டன. கடைசி மிசோப்ரோஸ்டால் கொடுத்து நான்கு மணி நேரம் ஆன பிறகுதான் ஆக்சிடோசின் தொடங்கலாம்; இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தால் கருப்பை அளவுக்கு மேல் இறுகும். 9.50க்கு டிரிப் போட்டார்கள். 500 மில்லி ரிங்கர் லாக்டேட்டில் 2.5 யூனிட், நிமிடத்துக்கு 10 சொட்டில் தொடங்கி, அரை மணிக்கு 10 சொட்டாகக் கூட்டி 30 சொட்டில் நிறுத்தினார்கள். 10 நிமிடத்தில் மூன்று நான்கு நல்ல இறுக்கங்கள் வந்தன. கணவர் 10.30க்கு வந்து சேர்ந்தார்.

நள்ளிரவு 1 மணிக்கு உடல் வெப்பம் 100.8. நாடி 108. குழந்தையின் துடிப்பு 165. நீர் கொஞ்சம் கலங்கலாக வந்தது.

கருப்பைக்குள் தொற்று என்று சந்தேகிக்க இவ்வளவு போதும். ஆம்பிசிலினை 2 கிராமாகக் கூட்டி ஜென்டாமைசினும் சேர்த்தார்கள். பாராசிட்டமால் கொடுத்தார்கள். உள்பரிசோதனையில் 7 சென்டிமீட்டர், தலை நன்றாக இறங்கியிருந்தது. குடும்பத்தார் இந்த நேரத்தில்தான் ஆபரேஷன் செய்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். காலையில் கத்திக்குப் பயந்தவர்களே. காய்ச்சல் மட்டும் சிசேரியனுக்குக் காரணமில்லை, வாய் நன்றாகத் திறந்துகொண்டிருக்கிறது, தொற்று இருக்கும்போது வயிற்றைத் திறந்தால் தையலில் சீழ் வைக்கும் வாய்ப்பும் கூடும் என்று மருத்துவர் விளக்கினார். சி.டி.ஜி.யைக் கழற்றாமல் தொடர்ந்து பார்த்தார்கள். துடிப்பு வேகமாக இருந்தாலும் இறங்கவில்லை.

விடியற்காலை 3.50க்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.9 கிலோ. உடனே அழுதது. நஞ்சுக்கொடி முழுதாக வந்தது, ரத்தப்போக்கு அளவோடு இருந்தது.

முதல் கசிவிலிருந்து 30 மணி 20 நிமிடம். நான் முதலில் எழுதிய நேரத்திலிருந்து கணக்கிட்டால் 22 மணி 50 நிமிடம்.

பிறகு

தாய்க்குக் காய்ச்சல் அன்று மதியத்துக்குள் இறங்கியது. குழந்தை பார்க்க நன்றாக இருந்தாலும், தாய்க்குப் பிரசவ நேரத்தில் தொற்று சந்தேகம் இருந்ததால், பச்சிளம் குழந்தைகள் சிறப்புப் பிரிவில் வைத்து ரத்தக் கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். கல்ச்சரில் 48 மணி நேரம் கிருமி எதுவும் வளரவில்லை, குழந்தையும் சுறுசுறுப்பாக இருந்தது, மருந்தை நிறுத்தினார்கள். அந்த இரண்டு நாளும் அவர் மூன்று மணிக்கு ஒருமுறை பால் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். பின்னர் போய் நேரடியாக ஊட்டினார். ஐந்தாம் நாள் இருவரும் வீடு திரும்பினார்கள்.

இரவிலேயே வந்திருந்தால் காய்ச்சல் வந்திருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. சீக்கிரம் வலி வரவைத்தவர்களிலும் 100க்கு நான்கு பேருக்குத் தொற்று வந்ததே. ஆனால் வலி வரவைக்கும் முதல் மருந்தே 16 மணி நேரத்துக்குப் பிறகுதான் போனது என்பதும், அதில் மூன்று மணி நேரம் எங்கள் கட்டிலில் கழிந்தது என்பதும் உண்மை. இன்னொரு பக்கம், 11 மணிக்கு அந்தப் பேச்சு வராமல் போயிருந்தால், நண்பகலில் அனுப்பியிருப்போம், ‘5 மணி’ என்ற சீட்டோடு. அங்கே அவசரமில்லை என்று மாலை வரை வைத்திருக்கலாம், ஆன்டிபயாடிக் இரவு வரை தள்ளிப்போயிருக்கலாம். காய்ச்சல் வந்த நள்ளிரவு 1 மணிக்கு அவர் உடலில் மூன்று தடவை ஆம்பிசிலின் கூடுதலாக ஏறியிருந்தது. குழந்தையின் கல்ச்சர் சுத்தமாக வந்ததில் அதற்குப் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

மாற்றியவை

கேள்வியை மாற்றிவிட்டோம். ‘தண்ணி எப்ப உடைஞ்சது?’ என்பதற்குப் பதிலாக, ‘கடைசியா உள்பாவாடை காய்ந்து இருந்தது எப்போ?’ என்று கேட்கிறோம். அப்படிக் கேட்டால் யோசித்துப் பின்னோக்கிப் போகிறார்கள். மணி தெரியாவிட்டால் சாப்பிடும் முன்பா பின்பா, கரன்ட் போன பிறகா, பால்காரர் வரும் முன்பா என்று கேட்கலாம். திரையை இழுத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும். மாமியாரானாலும் அம்மாவானாலும் இரண்டு நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்ததில்லை. சேர்க்கைத் தாளில் முதல் கசிவு, கொட்டிய நேரம், இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறோம்.

வலி இல்லாமல் பனிக்குடம் உடைந்து வருகிறவரை எத்தனை மணி நேரமானாலும் எங்களிடம் காத்திருக்க வைப்பதில்லை என்றும் மருத்துவர் முடிவு செய்தார். ஸ்பெகுலம், துடிப்பு, வெப்பம், போன், ஆம்புலன்ஸ். வழியில் தானாக வலி வந்தால் நல்லதுதான்.

இதைவிட முக்கியமான மாற்றம் பிரசவத்துக்கு முன்பே நடக்க வேண்டியது. எட்டாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போது, கிராம சுகாதார செவிலியர் இப்போது ஒரு நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்கிறார்: நனைந்தால் அது மூத்திரமா தண்ணீரா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். சுத்தமான வெள்ளைத் துணியோ பேடோ வைத்து அரை மணி நேரம் நடந்து பாருங்கள். மறுபடி நனைந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ராத்திரியானாலும் கிளம்புங்கள். பச்சையாகவோ ரத்தமாகவோ இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் அந்த அரை மணி நேரம்கூட வேண்டாம். மணியைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். கூடவே பாட்டியோ மாமியாரோ வந்திருந்தால் கத்தி பற்றிய கணக்கையும் அவர்கள் காதுபடச் சொல்ல வேண்டும்.

ஆறு வாரத் தடுப்பூசிக்கு அந்தப் பெண் குழந்தையோடு வந்தபோதுதான் இதை எழுதலாமா என்று கேட்டேன். ‘எழுதுங்க சிஸ்டர். ஆனா நான் படுக்கைய நனைச்சேன்னு மட்டும் எழுதாதீங்க, அது தண்ணிதானே’ என்றார்.

போன மாதம் ஏரியூர் பக்கமிருந்து 38 வாரப் பெண் ஒருவர் இரவு 11 மணிக்கு அவர் மாமனாரின் பைக்கில் வந்து இறங்கினார். அரை மணி நேரத்துக்கு முன் நனைந்ததாம், துணியையும் கொண்டுவந்திருந்தார். ஸ்பெகுலத்தில் நீர் இல்லை, இருமியும் வரவில்லை, லிட்மஸ் நிறம் மாறவில்லை. சிறுநீர்தான். தேவையில்லாமல் தூக்கத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அவரும் மாமனாரும் சங்கடப்பட்டார்கள். வந்தது ரொம்ப நல்லது, மறுபடி நனைந்தால் மறுபடியும் வாருங்கள் என்று சொல்லி, காலை வரை படுக்க வைத்து அனுப்பினோம்.